மீன் பூனையைத் தின்கிறது

ரானாகாட் போகும் லோக்கல் ரயிலில் எங்கும் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு: வண்டி நகர்ந்துவிட்டால், விற்பவனுக்கு அந்தப் பெட்டிக்குள் சொந்தமென்று யாரும் கிடையாது. தைலம் விற்கும் பாஞ்சுவின் தாய்மாமன் எதிர்ப்பலகையில் அமர்ந்து, "போன வாரம் வாங்கினேன் தம்பி, முட்டிவலி பறந்துபோச்சு, இன்னும் ரெண்டு குடு" என்று கேட்கும் முன்பின் தெரியாத பெரியவர். சுபோல் ஹால்தாரின் மனைவி ஆலோகா, ஜன்னலோரத்தில் கூச்சத்தோடு ஒடுங்கியிருக்கும், ஆங்கிலத்தில் தேறாத யாரோ ஒருத்தி. நடைமேடையில் அவளை அண்ணன் மனைவியாக மதித்து 'பௌதி' என்று கூப்பிட்டு மண்குவளைத் தேநீரைக் கையில் கொடுக்கும் அதே பாஞ்சு, படியில் கால் வைத்ததும் ஊரார் வீட்டு அக்காவைக் கூப்பிடுவதுபோல் 'தீதி, கொஞ்சம் தள்ளிக்குங்க' என்பான்.

இந்தச் சட்டத்தை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. மீறினால் என்ன ஆகும் என்பதை மட்டும் எல்லோரும் பார்த்திருந்தார்கள். பேனா விற்ற நோனி, மாணவனாக நடித்துவந்த மைத்துனனோடு ஒருநாள் பெட்டிக்குள்ளேயே சண்டை பிடித்து, "என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என்னையே முறைக்கிறியா?" என்று கத்திவிட்டான். அதன்பிறகு அந்த வருடத்துப் பூஜைக் காலம் முழுக்க, எந்தப் பெட்டியில் எவன் எதை விற்றாலும், "உன் மச்சான் எங்கப்பா உக்காந்திருக்கான்?" என்று யாரோ ஒருவர் கேட்க, பெட்டியே சிரித்தது. ஒரு சீப்புகூட விற்கவில்லை. நோனியை யாரும் விரட்டவில்லை. அவன் ஏற வரும்போது வாசலில் நின்ற வியாபாரிகள் யாரும் ஒதுங்கி வழிவிடவில்லை, அவ்வளவுதான். இப்போது அவன் சைக்கிள் வண்டியில் செங்கல் ஏற்றுகிறான்.

சுபோல் விற்றது, ஆங்கில வாக்கியங்களைச் செய்வினையிலிருந்து செயப்பாட்டுவினைக்கு மாற்றக் கற்றுத்தரும் மெலிந்த பச்சை அட்டைப் புத்தகம். அங்கே தை மாசியில் வரும் சரஸ்வதி பூஜை முடிந்து, பத்தாம் வகுப்புப் பரீட்சை தொடங்கும் வரையிலான அந்தச் சில நாட்கள்தான் அவர்களுடைய அறுவடைக் காலம். இந்த வருடம் அறுவடையும் பொய்த்திருந்தது. பிள்ளைகள் எல்லாவற்றையும் கைபேசியில் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பெற்றோர் சொன்னார்கள். அதனால் சுபோல் அதிகமான வண்டிகளில் ஏறினான். ஆலோகாவும் அதிகமான வண்டிகளில், அதே பெட்டிகளில், அந்நியளாக அமர்ந்தாள்.

அன்று மாலையும் அவள் தம்தமிலேயே ஏறி ஜன்னலோர இடம் பிடித்துவிட்டாள். சோதேபூரில் சுபோல் ஏறினான். தோள்பையிலிருந்து பச்சைப் புத்தகங்களை எடுத்து, வேண்டும் என்றவர் வேண்டாம் என்றவர் எல்லோருடைய மடியிலும் ஒன்று ஒன்றாக வைத்துக்கொண்டே வந்தான். விற்றதுபோக மீதியைக் கடைசியில் பொறுக்கிக்கொள்வது வழக்கம். மடியில் வைத்துவிட்டால் பாதி விற்ற மாதிரி என்பான்.

"தாதாமாரே, அண்ணன்மாரே! தீதிமாரே, அக்காமாரே! வீட்ல பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கா? கையத் தூக்க வேணாம், ஒரு பெருமூச்சு விடுங்க, நான் புரிஞ்சுக்குவேன்!"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவர் உண்மையாகவே பெருமூச்சு விட்டார்.

"ஆங்கிலத்துக்கு என்ன பயம்? வாக்கியமும் நம்ம லோக்கல் வண்டி மாதிரிதான். காரியத்தைச் செஞ்சவன் முன்னால சொகுசா உக்காந்திருக்கான். பட்டவன் பின்னால நசுங்கிக்கிட்டு நிக்கிறான். நீங்க என்ன பண்ணணும்? பட்டவனைக் கையைப் பிடிச்சு முன்னால இழுங்க. செஞ்சவனைக் கடைசி சீட்டுக்கு அனுப்புங்க. இடம் பத்தலையா? அடுத்த ஸ்டேஷன்ல இறக்கி விட்டுடுங்க. ஒரு மார்க்கும் குறையாது! எங்க, யாராவது ஒரு வாக்கியம் குடுங்க, பார்ப்போம்!"

வழக்கமான மௌனம். அதை எவ்வளவு நேரம் நீளவிட வேண்டும் என்பது ஆலோகாவுக்குத் தெரியும். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, தயங்கித் தயங்கி, "தி கேட் ஈட்ஸ் தி ஃபிஷ்" என்றாள்.

"பூனை மீனைத் தின்னுது! அருமை தீதி, நீங்களே மாத்துங்க."

"தி ஃபிஷ்… ஈட்ஸ் தி கேட்."

"மீன் பூனையைத் தின்னுதா!" சுபோல் நெஞ்சில் கை வைத்தான். "தீதி, அந்த மீனை எந்தச் சந்தையில வாங்குறீங்க? எங்க தெருவுல ஒரு திருட்டுப் பூனை இருக்கு, அதை அந்தப் பக்கம் அனுப்பணும்."

பெட்டி வெடித்துச் சிரித்தது. நாலு ஜோடி முழங்கால்களின்மேல் துண்டு விரித்துச் சீட்டாடிக்கொண்டிருந்த அலுவலகக்காரர்களும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் வியாபாரம். சிரித்த வாய் மூடுவதற்குள் சுபோல் சரியான விடையைச் சொல்வான், ஆலோகா வெட்கத்தோடு முதல் பத்து ரூபாயை நீட்டுவாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் நீட்டுவார்கள். அன்றும் அவள் நீட்டினாள்.

அந்தத் தவறான விடை ஒரு காலத்தில் நடிப்பாக இருக்கவில்லை. கல்யாணத்துக்கு முன், ஆங்கிலத்தில் இரண்டாம் முறையும் தோற்றுவிட்டு, மார்க் பட்டியலைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி இதே வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தபோது, இதே போல ஒரு வியாபாரி வாக்கியம் கேட்டான். மனப்பூர்வமாக அவள் பூனையையும் மீனையும் சொன்னாள், மனப்பூர்வமாகத் தப்பாகவே மாற்றினாள். பெட்டி சிரித்தது. அந்த வியாபாரிதான் சுபோல்; அன்று அவன் பை காலியாயிற்று. மறுநாள் அவன் அவளைத் தேடிக்கொண்டு பெட்டி பெட்டியாக வந்தான். தன்னை விரும்பித் தேடினானா, அந்தச் சிரிப்பை விரும்பித் தேடினானா என்று அவள் அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை. சரியான விடை அவளுக்கு எப்போதோ பழகிவிட்டது. வீட்டில் அரிவாள்மணையில் மீன் நறுக்கும்போது, செதில்கள் தெறிக்கத் தெறிக்க, அதை உதட்டுக்குள் சொல்லிக்கொள்வாள்.

சட்டத்துக்குப் பழகுவதுதான் கடினமாக இருந்தது. மழைக்காலத்தில் ஒருநாள் நெரிசலைச் சாக்கிட்டு ஒருவன் அவள்மேல் சாய்ந்து சாய்ந்து நின்றான். சுபோல் பார்த்தான். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க தாதா, என் புத்தகப் பை கசங்குது" என்றான். வீட்டுக்கு வந்து அவள் அழுதபோது, "சொன்னேன்ல? தள்ளி நிக்கச் சொன்னேன்ல?" என்றான்.

"பைக்காகச் சொன்னே."

"வேற என்ன சொல்ல முடியும், நீயே சொல்லு?"

இப்போதெல்லாம் வீட்டில்கூட அவன் கண்கள் அவளைத் தாண்டி, பின்னாலிருக்கும் யாரையோ பார்ப்பதுபோல அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

பராக்பூர் தாண்டியதும் சீட்டாடியவர்களில் ஒருவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். பிறகு கால்சட்டைப் பைகளை. தத்தபாபு என்று எல்லோரும் கூப்பிடும் தினசரிப் பயணி அவர்.

"என் போன் எங்கே?"

இருக்கைக்கு அடியில் பார்த்தார்கள். மடிகளிலிருந்த பச்சைப் புத்தகங்களைத் தூக்கிப் பார்த்தார்கள். நண்பர் ஒருவர் அழைத்துப் பார்த்தார். மணி போயிற்று, சத்தம் மட்டும் வரவில்லை. அலுவலகத்தில் ஒலியை அடக்கிவைத்தது தத்தபாபுவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"மணி போகுதுன்னா திருடன் இன்னும் இறங்கலை" என்றார் நண்பர்.

தத்தபாபு மெல்லத் திரும்பி ஆலோகாவைப் பார்த்தார். ஒரு கணக்கு அவருக்குள் கூடிவருவதை அவள் கண்ணெதிரே கண்டாள்.

"எல்லாரும் எப்ப சீட்டை விட்டுட்டு நிமிர்ந்தோம்? இந்தம்மா மீனைப் பத்திச் சொன்னப்போ. போன வாரமும் இதே அம்மா, இதே பூனை, இதே மீன்! அன்னிக்கும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அன்னிக்குத்தானே பிஸ்வாஸோட குடை போச்சு?"

"அட, ஆமா!"

"இவ சிரிப்புக் காட்டுறா. இன்னொருத்தன் கைவரிசை காட்டுறான். கூட்டாளி இங்கதான் எங்கேயோ நிக்கிறான்."

அவர் சொன்னதில் முக்கால்பங்கு உண்மை. அவள் சிரிப்புக் காட்டத்தான் வந்தாள், கூட்டாளி இங்கேதான் நின்றான். மீதிக் கால்பங்கைச் சொல்லாமல் அந்த முக்கால்பங்கை மறுக்க முடியாது. மீதியைச் சொன்னால், அவனும் சேர்ந்து மாட்டிக்கொள்வான்.

"நான் எடுக்கலைங்க. சத்தியமா எடுக்கலை."

"பையைத் திற."

அப்போது சுபோல் குரல் கொடுத்தான்.

"தாதா, தாதா, கோபப்படாதீங்க. தீதி நல்ல மாதிரி. எனக்குத் தெரியும். என்கிட்ட புக்கு வாங்குறவங்க. நேத்துகூட வாங்கினாங்க!"

வியாபாரியின் நாக்கு அது. ஒருவரை நல்லவரென்று சொல்ல அதற்குத் தெரிந்த ஒரே வழி, அவர் வாங்குகிறவர் என்று சொல்வது. சொன்ன மறுகணமே சுபோலின் முகம் வெளுத்தது.

"நேத்து வாங்கினாளா?" தத்தபாபு புருவத்தை உயர்த்தினார். "இப்பவும் முதல் ஆளா காசை நீட்டினாளே! ஒரே புக்கை எத்தனை தடவை வாங்குவா? ஊறுகாய் போடுறாளா?"

யாரோ அவள் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார்கள். சீப்பு, தண்ணீர் பாட்டில், பொரி வைத்த டப்பா, ஒன்றல்ல மூன்று பச்சைப் புத்தகங்கள். முந்தின நாட்களில் 'வாங்கிய'வற்றை அவனிடம் திருப்பிக் கொடுக்க மறந்திருந்தாள். டப்பா திறந்து, பொரி காலடியெங்கும் சிதறியது.

"பார்த்தீங்களா! பரீட்சை எழுதப் போறாளாம், மூணு புக்கு!"

இரண்டு கைகள் அவள் மணிக்கட்டுகளைப் பிடித்தன. கைபேசியை இடுப்பில் செருகியிருப்பாள் என்றது ஒரு குரல். அவள் திமிறினாள். ஜன்னல் கம்பியில் இடது கை மோதியது. மெல்லிய ஒரு முறிவுச் சத்தம் கேட்டது. தாலிபோல் சுமங்கலிகள் அணியும் வெண்சங்கு வளையல் இரண்டு துண்டாகி மடியில் விழுந்தது.

"ஐயையோ, சங்கு உடைஞ்சிருச்சே!" காய்கறிப் பையோடு எதிரில் இருந்த பெண் வாயில் கை வைத்தாள். "புருஷன்காரன் உசுரோட இருக்கிறவ கை! விடுங்கய்யா! பாவத்தைச் சேர்த்துக்காதீங்க!"

பிடித்த கைகள் சூடு பட்டதுபோல் விலகின. தத்தபாபுவின் குரலும் ஒரு படி இறங்கியது.

"சரி. உன் புருஷன் யாரு? போன் போட்டு நைஹாட்டிக்கு வரச் சொல்லு. ரயில்வே போலீஸ்கிட்ட அவன் வந்து பேசட்டும்."

பெட்டி முழுவதும் அவள் வாயைப் பார்த்தது. அவள் நிமிர்ந்தாள். மூன்று தலைகளுக்கு அப்பால் சுபோல், பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். உடைந்த வளையலை அவன் பார்த்துவிட்டான். இப்போது சொல்வான் என்று நினைத்தாள். இதோ, இந்த மூச்சு முடிந்ததும். வாசலில் தன் முறைக்காகக் காத்திருந்த பாஞ்சு, தைலப் பெட்டியை மார்போடு அணைத்து, வெளியே ஓடிய சணல் ஆலைச் சுவர்களையே எண்ணிக்கொண்டிருப்பவன்போல் பார்த்துக்கொண்டிருந்தான். சுபோல் வாயைத் திறந்தான். பாஞ்சுவின் முதுகைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"வீட்ல இருக்காரு" என்றாள் ஆலோகா.

"பேரு?"

"புருஷன் பேரை நான் சொல்ல மாட்டேன்."

"அடேயப்பா! பழைய காலத்துப் பத்தினி! போனைச் சுட்டாலும் ஆசாரம் குறையலை பாரு!"

சிரிப்பு. இத்தனை வருடமாக அவள் எழுப்பித்தந்த அதே சிரிப்பு.

ஷ்யாம்நகரில் வண்டி நின்றது. சுபோல் இறங்கினான். படியில் நின்று ஒருகணம் திரும்பி, கையைப் பாதி தூக்கி, இரண்டு விரல்களை மடக்கினான். 'இந்தப் பெட்டி சரியில்லை, அடுத்ததுக்குப் போ' என்று அவர்கள் இருவருக்குள் இருந்த ஒரே சைகை அது. அவள் எப்படி அடுத்ததுக்குப் போவாள்? வண்டி கிளம்ப ஊதியது. நடைமேடைக் கூட்டத்தில் அவன் பை மட்டும் அடுத்த பெட்டியை நோக்கிக் கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை; வண்டி நகர்ந்தது.

அதன்பின் அவளுக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. நைஹாட்டி, நைஹாட்டி என்ற ஒரு சொல் மட்டும் சக்கரங்களோடு சேர்ந்து ஓடியது. அங்கே ஒரு மேசை இருக்கும். மேசைக்குப் பின்னால் ஒரு பெண் காவலர் இருப்பாள். பெயரைக் கேட்பார்கள். யார் மனைவி என்று கேட்பார்கள். கேட்டு எழுதிக்கொண்டபின், ரானாகாட் வரைக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் அவள் முகம் திருடியின் முகம். ஜன்னல் கம்பிகளைப் பார்த்தாள். அவற்றின் இடைவெளியில் ஒரு குழந்தைகூட நுழைய முடியாது. வாசலைப் பார்த்தாள். ஓடும் வண்டியிலிருந்து விழுந்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அது ஏன் அவ்வளவு எளிதாக, பழகிய விருந்தாளிபோல் வந்து உட்கார்ந்தது என்று பயந்து, இருக்கையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பாஞ்சு கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் பக்கமாக வந்தான். தைலம் விற்கக் குனிபவன்போல் குனிந்தான்.

"நைஹாட்டியில எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கு. பேசிக்கலாம். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க, தீதி."

தீதி. அவள் காதுக்கு மட்டும் கேட்கும் குரலில்கூட, தீதி.

காங்கினாரா நெருங்கியது. சீட்டாடியவர்களில் ஒருவர் இறங்க எழுந்தார். துண்டு அவருடையது. மடிப்பதற்காக அதை உதறினார். தடித்த மடிப்பொன்றிலிருந்து தத்தபாபுவின் கைபேசி நழுவி, பொரியின்மேல் விழுந்தது.

தத்தபாபு அதை எடுத்து, திரையைச் சட்டையில் துடைத்து, கீறல் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"கூட்டத்துல இப்படித்தான் ஆயிடுது" என்றார் பொதுவாக. பிறகு அவள் பக்கம் பார்க்காமல், "நீயும் ஏம்மா தினம் தினம் அதையே உளறுற? யாருக்குத்தான் சந்தேகம் வராது?"

துண்டுக்காரர் அவசரமாக இறங்கிப் போனார். காய்கறிப் பெண் தரையிலிருந்த டப்பாவை எடுத்து மூடி அவள் பையில் போட்டாள். மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்கள். ஆலோகா உடைந்த சங்கின் இரண்டு துண்டுகளையும் மடியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். முறிந்த விளிம்பு கூர்மையாக இருந்தது.

வண்டி கிளம்பும் நேரத்தில் மறுபக்க வாசல் வழியாக சுபோல் ஏறினான்.

வந்துவிட்டான். அடுத்த பெட்டிக்குப் போனவன், இருப்புக் கொள்ளாமல், எது வந்தாலும் வரட்டுமென்று திரும்பி வந்துவிட்டான். அவள் எழுந்து நிற்கக்கூடப் பார்த்தாள்.

சுபோல் வாசலோரத்து மடியிலிருந்து தொடங்கினான்.

"வேணாங்களா தாதா? சரி, குடுங்க. உங்களுக்கு? சரி. தீதி, பத்து ரூபாதான், பிள்ளைக்கு ஆகும்… வேணாமா? சரி." ஒவ்வொரு மடியாகக் குனிந்து, பச்சைப் புத்தகங்களை எடுத்து அடுக்கிக்கொண்டே வந்தான். விட்டுப்போன சரக்கைப் பொறுக்க வந்திருந்தான்.

"போன் கிடைச்சிருச்சா தாதா?" என்றான் தத்தபாபுவிடம். "நான் அப்பவே நினைச்சேன், இங்கதான் எங்கயாவது இருக்கும்னு."

"கிடைச்சுது, கிடைச்சுது." தத்தபாபுவுக்குப் பேச்சை மாற்ற ஓர் இடம் கிடைத்த நிம்மதி. "அந்தம்மாவைத்தான் பாவம், அழ வெச்சிட்டோம். இன்னொரு வாக்கியம் கேளுப்பா. நான் வாங்கிக்கிறேன் ஒரு புக்கு. சிரிச்சு மறந்திடுவோம்."

"அதானே! கேளு, கேளு!" என்றார்கள் நண்பர்கள்.

சுபோல் அவள் முன்னால் வந்து நின்றான். அவன் கண்களில் ஆறுதல் இருந்தது, கெஞ்சல் இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது, வீட்டில் பேசிக்கொள்ளலாம், இந்த ஒரு தடவை மட்டும் என்ற மன்றாட்டு இருந்தது. மறுபடி வாசலுக்குப் போயிருந்த பாஞ்சு திரும்பிப் பார்த்தான்.

"தாதா ஆசையாக் கேக்குறாரு," என்று சுபோல் புத்தகத்துக்காகக் கையை நீட்டியபடியே சிரித்தான். "ஒரு வாக்கியம் குடுங்க, தீதி."

ஆலோகா எழுந்தாள். நீட்டிய அந்தக் கையில் உடைந்த சங்கின் இரண்டு துண்டுகளையும் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"தி ஃபிஷ் இஸ் ஈட்டன் பை தி கேட்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.

"சரியாத்தான் சொல்றேன். இது எனக்கு ரொம்ப நாளாவே தெரியும். தப்பாச் சொல்லணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேளுங்க."

"பௌதி!" வாசலிலிருந்து பாஞ்சுவின் குரல் பதறி வந்தது. "வேணாம் பௌதி!"

அவள் பாஞ்சுவைப் பார்க்கவில்லை. தத்தபாபுவை, துண்டுக்காரர் விட்டுப்போன காலி இருக்கையை, ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதை நிறுத்திவிட்ட அத்தனை முகங்களையும் பார்த்தாள்.

"சித்த முன்னாடி கேட்டீங்களே, என் புருஷன் யாருன்னு? இதோ நிக்கிறாரு. பேரு சுபோல் ஹால்தார்."